பிரஷ் கட்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? கார்புரேட்டரை மாற்ற அவசரப்படாதீர்கள்

கேள்வி: பேராவூரணிப் பக்கம் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். தை மாதம் புல் வெட்டிவிட்டு டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரைக் கொட்டகையில் மாட்டி வைத்தேன். ஆனியில் எடுத்தால், கயிறு இழுத்துக் கை வலித்ததுதான் மிச்சம். கார்புரேட்டர் போய்விட்டது, புதுசு போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிளேடிலும் துரு. என்ன செய்வது?

பதில்: கார்புரேட்டரை மாற்ற இப்போதே சம்மதிக்காதீர்கள். தையில் ஊற்றிய பெட்ரோல் டேங்கிலேயே இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாதவர்கள் எல்லோரும் அப்படியே விட்டுவைத்தவர்கள்தான். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் நோய் அதுதான்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். நாளானால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். டேங்க் அடியில் கிடக்கும் ஃபில்டர் உறிஞ்சுவதும் அதைத்தான். கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயாப்ரம் என்ற சவ்வு விறைத்துப்போகும், நுண்ணிய துளைகளில் பிசின் அடைக்கும். எத்தனால் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று பல கம்பெனிகளின் கையேட்டில் போட்டிருக்கிறது. அந்தப் பெட்ரோலை எந்த பங்க்கில் போய் வாங்குவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கார், பைக் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. வருஷத்தில் பாதி நாள் சும்மா தொங்கும் தோட்ட மெஷினை யார் நினைக்கிறார்கள்?

சரி, பழையதை முழுக்க வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்), 25:1 என்றால் 40 மில்லி. பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காய வைத்து மாட்டுங்கள். அப்படியும் கிளம்பாவிட்டால் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து டயாப்ரம் கிட் மட்டும் போடச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பொருளைக் கையில் கேட்டு வாங்குங்கள். என்னிடம் வந்த ஒரு தோப்புக்காரர் இரண்டு வருஷத்தில் மூன்று கார்புரேட்டர் மாற்றியிருந்தார். டேங்குக்குள் கம்பியை விட்டுக் கொக்கி போட்டு இழுத்தேன். தார் பூசியது போல் கறுத்துப்போன ஃபில்டர் வந்தது. அதை ஒருவரும் தொட்டே பார்க்கவில்லை.

ஒரு விதிவிலக்கு. ஃபோர் ஸ்ட்ரோக் மெஷின் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்கவே கூடாது. அதற்கு எஞ்சின் ஆயில் தனி அறையில், சுமார் 100 மில்லி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கலக்குகிறாரே என்று நீங்களும் கலந்தால் புகை கக்கும், பிளக் கரி பிடிக்கும். மாறாக, டூ ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோல் ஊற்றினால் சில நிமிஷத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரவல் கொடுப்பவர்கள் எந்த வகை மெஷின் என்று டேங்க் மூடியில் பெயின்ட்டால் எழுதியே வையுங்கள். ஆனால் டேங்கை வடிப்பது இரண்டுக்கும் பொது.

அடுத்த முறை ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லை என்றால், டேங்கை வடித்துவிட்டு, தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். பிளக் துளையில் கொஞ்சம் 2டி ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுங்கள். பிளேடுக்கு மேலே இருக்கும் கியர் தலைக்குக் கிரீஸ் வையுங்கள். யூரியா, பொட்டாஷ் மூட்டை இருக்கும் கொட்டகையில் மட்டும் மாட்டாதீர்கள். உங்கள் பிளேடு துருப்பிடித்ததற்கு எனக்கு அந்தச் சந்தேகம்தான்.

மேலோட்டமான துரு என்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் பூசினால் போதும். விரிசல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், சுழலும்போது தெறித்தால் கால் போகும். அரத்தால் தீட்டும்போது எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுங்கள். கிரைண்டரில் நீலம் பாயும் வரை தேய்த்தால் இரும்பின் பதம் போய்விடும்.

பிளேடு நட்டு பெரும்பாலும் இடது மரை. வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் பைப் மாட்டி எதிர்ப்பக்கம் முறுக்கித் தண்டையே பாழாக்கியவர்கள் உண்டு. எதற்கும், பிளக் வயரைக் கழற்றிவிட்டு அப்புறம் பிளேடில் கை வையுங்கள்.