சுவிட்சைப் போட்டால் விளக்கு அணைகிறதே! – வீட்டு விமான சிமுலேட்டர் கேள்வி-பதில்

டெல்டாவில் வீட்டுக் கம்ப்யூட்டரில் விமான சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களா என்று இந்த முறை வந்த கேள்விகளைப் பார்த்து வியந்துபோனேன். பறப்பதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தகராறு சுவிட்சோடும் லீவரோடும்தான். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கும்பகோணம் வாசகர்: பத்து டாகிள் சுவிட்சுகளைப் பெட்டியில் பொருத்தி, ஆர்டுயினோ லியோனார்டோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு வழியாகக் கம்ப்யூட்டரில் இணைத்திருக்கிறேன். லேண்டிங் லைட் சுவிட்சை மேலே தள்ளினால் எரிகிறது. கீழே தள்ளினால் ஒன்றும் ஆவதில்லை. திரும்ப மேலே தள்ளினால் அணைகிறது. சுவிட்ச் பழுதா சார்?

சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் அதைக் காலிங் பெல் பொத்தானாக எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மேலே தள்ளினால் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள். கீழே தள்ளினால் விட்டுவிட்டீர்கள். நீங்கள் கொடுத்திருக்கும் கட்டளையோ 'டாகிள்'. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் எரிவதை அணைக்கும், அணைந்ததை எரிய வைக்கும். விடுவதை அது கண்டுகொள்ளாது.

சிமுலேட்டரின் கட்டளைப் பட்டியலில் பல கருவிகளுக்கு 'ஆன்', 'ஆஃப்' என்று தனித்தனிக் கட்டளைகள் உண்டு. அழுத்தும்போது 'ஆன்', விடும்போது 'ஆஃப்' என்று பிரித்துக் கொடுங்கள். போர்டையும் சிமுலேட்டரையும் இணைக்க இலவசமாகக் கிடைக்கும் மொபிஃபிளைட் மென்பொருளில் இந்த இரண்டுக்கும் தனித்தனி இடமே இருக்கிறது.

என்னைக் கேட்டால் வயரிங்கிலேயே சரிசெய்துவிடுவேன். இரண்டு கால் சுவிட்சைக் கழற்றிவிட்டு மூன்று கால் சுவிட்ச் போடுங்கள். நடுக்காலை கிரவுண்டில் கொடுத்து, மற்ற இரண்டையும் போர்டின் இரண்டு பின்களில் கொடுத்தால் மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான். கடையில் விற்கும் ஹனிகோம்ப் ஆல்ஃபா யோக்கின் (ஸ்டீயரிங் போன்ற விமானப் பிடி) சுவிட்சுகளும் இப்படித்தான் இரண்டு நிலைக்கும் தனித்தனிப் பொத்தான் அனுப்புகின்றன. நாளைக்கு மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரை விட்டு எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டருக்குப் போனாலும் வயரில் கை வைக்க வேண்டாம்.

ஒரு இடைஞ்சல்: பத்து சுவிட்சுக்கு 20 பின் போய்விடும். லியோனார்டோவில் இருப்பதே 20தான். ஆகவே குறுக்கே ஐந்து, நெடுக்கே நான்கு வயர் என்று கட்டம் போல மேட்ரிக்ஸ் கட்டுங்கள், ஒன்பது பின்னில் முடிந்துவிடும். ஆனால் டாகிள் சுவிட்ச் போட்ட நிலையிலேயே நிற்பதால், மேட்ரிக்ஸில் ஒரு சதுரத்தின் மூன்று முனைகள் மூடியிருந்தால் நான்காவதும் மூடியதாகக் காட்டும். தொடாத பிட்டோ ஹீட் (வேகம் அளக்கும் குழாயின் சூடேற்றி) தானாக எரியும். இதைத் தடுக்க ஒவ்வொரு தொடர்புக்கும் மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் ஒரு 1என்4148 டையோடு, எல்லாம் ஒரே திசை பார்த்து. சோம்பல்பட்டு டையோடை விட்டவர்கள் எல்லாரும் பிறகு பெட்டியைப் பிரித்திருக்கிறார்கள்.

இதற்குப் பிறகும் ஓடுபாதையில் எஞ்சின் ஓடியபடி பயணத்தைத் தொடங்கினால் திரையில் ஒரு நிலை, பெட்டியில் ஒரு நிலை இருக்கத்தான் செய்யும். ஒவ்வொரு சுவிட்சையும் ஒருமுறை போட்டு எடுங்கள், சேர்ந்துகொள்ளும். அல்லது எல்லாவற்றையும் அணைத்து வைத்து, நிறுத்துமிடத்தில் எல்லாம் அணைந்த விமானத்தோடு தொடங்குங்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி: மோட்டார் கொட்டகையில் கிடந்த பழைய ஸ்டார்ட்டரின் பச்சை, சிவப்புப் பொத்தான்களையும் வீட்டில் கழற்றிய சுவிட்சுகளையும் வைத்தே பேனல் செய்துவிட்டேன். பார்க்க ஜோராக இருக்கிறது. ஆனால் நாலு தட்டு தட்டினால்தான் ஒரு தடவை கேட்கிறது.

படம் பார்த்தேன் ஐயா. எஞ்சின் ஸ்டார்ட்டுக்கு அந்தப் பச்சைப் பொத்தான் அருமை. சிக்கல் அதன் குணத்திலேயே இருக்கிறது. 230 வோல்ட்டுக்கும் பல ஆம்பியருக்கும் செய்த பொத்தான் அது. உள்ளே இருக்கும் உலோக முனையில் நாளடைவில் மெல்லிய படலம் படியும். மோட்டார் ஓட்டும்போது ஒவ்வொரு முறையும் எழும் பொறி அந்தப் படலத்தை எரித்துச் சுத்தம் செய்துவிடும். ஆர்டுயினோவில் ஓடுவதோ 5 வோல்ட். சிப்புக்குள்ளேயே பின்னை 5 வோல்ட்டோடு இணைக்கும் புல்-அப் மின்தடை 20 முதல் 50 கிலோ ஓம் வரை. ஆகவே ஓடும் மின்னோட்டம் அதிகபட்சம் கால் மில்லிஆம்பியர். அந்தப் படலத்தை அது துளைக்காது.

பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே வெளியிலிருந்து ஒரு 1 கிலோ ஓம் மின்தடை போடுங்கள். மின்னோட்டம் 5 மில்லிஆம்பியராகும், பெரும்பாலும் சரியாகிவிடும். பத்து சுவிட்சையும் ஒரே நேரத்தில் போட்டாலும் 50 மில்லிஆம்பியர்தான், யூஎஸ்பி தாங்கும். அப்படியும் கேட்காததை மட்டும் காண்டாக்ட் கிளீனர் அடித்துப் பாருங்கள். உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். படத்தில் பெட்டிக்குள் ஒரு மூன்று பின் பிளக் வயர் தெரிகிறது. அது எதற்காக இருந்தாலும் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். சிமுலேட்டர் பேனலுக்குள் 230 வோல்ட் நுழையவே கூடாது.

மன்னார்குடி, பிளஸ் ஒன் மாணவர்: ஆர்டுயினோ ஊனோ வாங்கினேன். கம்ப்யூட்டர் அதை ஜாய்ஸ்டிக்காகக் காட்ட மாட்டேன் என்கிறது.

காட்டாது தம்பி. வழக்கமான ஊனோவின் (ஆர்3 வரை) முக்கியச் சிப்பான ஏடிமெகா 328பி-க்குள் யூஎஸ்பி கிடையாது. லியோனார்டோ, ப்ரோ மைக்ரோ இரண்டிலும் இருக்கும் 32யூ4 சிப்பில் அது உண்டு, அதனால்தான் அவை நேராக ஜாய்ஸ்டிக் ஆகின்றன. ஊனோவைத் தூக்கிப் போடாதே. மொபிஃபிளைட் அதை ஏற்றுக்கொள்ளும். அந்த வழியில் ஜாய்ஸ்டிக் என்ற வேடமே தேவையில்லை.

நாகப்பட்டினம்: எஞ்சின் வேகத்துக்கான த்ராட்டில் லீவரைத் தொடாமல் இருந்தாலும் எஞ்சின் சத்தம் ஏறி இறங்குகிறது. பழைய ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் கன்ட்ரோலைத்தான் பொருத்தியிருக்கிறேன்.

இங்கே இரண்டு கோளாறு. வால்யூம் கன்ட்ரோல் பெரும்பாலும் 'ஏ' வகை. பாதி தூரம் திருப்பினாலும் பாதி மதிப்பு வராது. ஒரு முனையில் சும்மா இருந்து மறு முனையில் தாவும். 'பி10கே' என்று அச்சிட்ட 10 கிலோ ஓம் நேர்கோட்டு வகை வாங்குங்கள். இரண்டாவது, உங்கள் ஊர் உப்புக் காற்று. பொட்டென்ஷியோமீட்டர் என்ற இந்த வால்யூம் கன்ட்ரோலின் உள்ளே ஒரு தகடு கரித்தடத்தில் உரசிக்கொண்டே போகிறது. தூசியும் ஈரமும் சேர்ந்தால் அளவு ஆடும். நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வையுங்கள். சிமுலேட்டரில் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத டெட் சோனும் சிறிது கொடுங்கள். கடலோரத்தில் இருப்பவர் இன்னொரு முறை செலவு செய்வதாக இருந்தால் காந்தத்தை வைத்து அளக்கும் ஹால் சென்சாருக்கே போகலாம். காந்தம் உரசாது, ஆகவே தேய்மானமும் இல்லை.

திருவாரூர்: ஃபிளைபைவயர் குழுவின் ஏர்பஸ் ஏ320-இல் 'கிளைம்ப்' (மேலேறும்) நிலைக்கு த்ராட்டில் லீவரைக் கொண்டுவந்தால் அது பிடிப்பதே இல்லை. முன்னும் பின்னும் அலைகிறது.

முதலில் வேறொன்றைப் பாருங்கள். புதிதாக ஒரு ஜாய்ஸ்டிக்கைச் செருகினால் சிமுலேட்டர் தானாகவே அதற்கும் ஒரு த்ராட்டில் ஒதுக்கிவிடுவதுண்டு. ஜாய்ஸ்டிக்கின் பின்பக்கம் இருக்கும் சின்ன லீவரும் உங்கள் பெரிய லீவரும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டிருக்கலாம். சின்னதன் ஒதுக்கீட்டை அழியுங்கள். வரும் கடிதங்களில் பாதி இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

பிறகு விமானத்துக்குள் இருக்கும் ஃபிளைபேட் என்ற டேப்லெட் திரையில் த்ராட்டில் கேலிப்ரேஷன் பக்கத்துக்குப் போய், ஐடில் (குறைந்த விசை), கிளைம்ப், ஃபிளெக்ஸ் (குறைத்த கிளம்பும் விசை), டோகா (முழு விசை) ஒவ்வொன்றிலும் லீவரை நிறுத்தி அளவைப் பதியுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழெல்லை, மேலெல்லை உண்டு; கிளைம்ப்புக்குக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். ஏர்பஸ்ஸில் எஞ்சின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ரஸ்ட், லீவரை நகர்த்தாது. போயிங் 737-இல் லீவர் தானே நகரும். கிளம்பி மேலேறியதும் கிளைம்ப்புக்குக் கொண்டுவந்த லீவர், தரையிலிருந்து 20 அடியில் 'ரிட்டார்ட்' (விசையைக் குறை) என்று குரல் கேட்கும்வரை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். அதனால் அந்த ஒரு நிலைக்காவது கையால் உணரும்படி மரச்சட்டத்தில் ஒரு வெட்டு வையுங்கள்.

திருச்சி: ஹெடிங் (விமானம் போகும் திசை) குமிழுக்கு என்கோடர் (திருப்பினால் கிளிக் கிளிக்காக எண்ணும் கருவி) போட்டேன். ஒரு கிளிக்குக்கு இரண்டு டிகிரி தாவுகிறது.

மென்பொருளில் என்கோடர் வகையை மாற்றுங்கள். ஒரு மின் சைக்கிளுக்கு (குமிழின் முழுச் சுற்று அல்ல) ஒரு கிளிக்கா, இரண்டா என்ற தேர்வு இருக்கும். அப்படியே வேகச் சுழற்சிக்கும் தனிக் கட்டளை கொடுங்கள். உங்கள் விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதை 27-இல் (மேற்கே, 270 டிகிரி) கிளம்பி ஒரு சுற்று வந்து இறங்க, 270-இலிருந்து 090-க்குத் திருப்ப வேண்டும். ஒரு சுற்றுக்கு 20 கிளிக் உள்ள குமிழ் என்றால் முழுதாக ஒன்பது சுற்று! வேகமாகத் திருப்பினால் பத்துப் பத்தாக நகரும்படி வைத்தால் ஒரு திருகில் வேலை முடியும்.

தஞ்சாவூர், ஓய்வு பெற்றவர்: 737-இன் மேல் பேனல் முழுவதும் செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

ஆசை நியாயமானது. ஆனால் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தின் அடிவரிசைச் சுவிட்சுகளிலிருந்து தொடங்குங்கள் ஐயா. பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஃபியூயல் பம்ப், பீக்கன், லேண்டிங், டாக்ஸி, நேவ், ஸ்ட்ரோப், பிட்டோ ஹீட், ஏவியானிக்ஸ். கண்ணை மூடிக்கொண்டு கை அங்கே போகிற வரைக்கும் அதிலேயே இருங்கள். மேல் பேனலில் பாதி சுவிட்சை ஒரு பயணத்துக்கு ஒருமுறைதான் தொடுவோம். அதை மௌஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

பணம் போடுவதென்றால் லீவர் முனைகளில் போடுங்கள். பெரிய விமானங்களில் லேண்டிங் கியர் பிடி சக்கர வடிவிலும் இறக்கையின் பின்விளிம்பை இறக்கும் ஃபிளாப் பிடி இறக்கை வடிவிலும்தான் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, பார்க்காமலே கை அடையாளம் காண்பதற்காக. பக்கத்துக் கடைசல் பட்டறையில் ஒரு மரச் சக்கரம் கடைந்து வாங்குங்கள். நாச்சியார்கோவில் பக்கம் போய்ப் பித்தளையில் செய்யத் தோன்றும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் கனத்தில் லீவர் தானே சாய்ந்து சக்கரத்தை இறக்கிவிடும்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு தாயார்: ஒன்பதாவது படிக்கும் மகன் விலை உயர்ந்த யோக் கேட்கிறான். பைலட் ஆக உதவுமா?

வீட்டில் ஓட்டும் நேரம் உரிமத்துக்கான பறப்பு நேரத்தில் சேராது அம்மா. அதை அவனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கருவிகளைப் படிக்கவும், வரிசைப்படி செய்யும் பழக்கத்துக்கும் உதவும். அதற்குத் திருகினால் ரட்டர் (வால் சுக்கான்) வேலை செய்யும் சாதாரண ஜாய்ஸ்டிக் போதும். ஒரு வருடம் கழித்தும் அவன் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் யோக் பற்றிப் பேசலாம்.

பட்டுக்கோட்டை: பறந்துகொண்டிருக்கும்போது பேனல் திடீரென்று செத்துவிடுகிறது. கரண்ட் போகவில்லை.

விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது. டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்கும் போய், கருவியை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். மூன்று, நான்கு போர்டு வைத்திருந்தால் தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள்.

காரைக்கால்: ரட்டர் பெடலை மிதித்தால் நான் பின்னால் போகிறேன்.

சக்கர நாற்காலி, டைல்ஸ் தரை, வேறென்ன ஆகும்! ஒரே பிளைவுட் பலகையில் முன்னால் பெடலைத் திருகிப் பூட்டுங்கள். பின்னால் நாற்காலிச் சக்கரம் உட்கார நீளவாக்கில் இரண்டு ரீப்பர் அடியுங்கள். இல்லாவிட்டால் சாப்பாட்டு மேஜை நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் விட்டால்.