பிரதேச சபைக் குழுவில் எனக்கும் ஒரு கதிரை உண்டா?

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகுதான் வன்னிப் பிரதேச சபைகளில் மறுபடியும் உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதற்கு முந்திய இரண்டு வருடத்துக்கு மேலாகச் செயலாளர்களே எல்லாவற்றையும் பார்த்தார்கள். இப்போது "குழுக்களுக்கு ஊர் ஆட்களையும் எடுக்கலாமாம்" என்ற பேச்சு அடிபடுகிறது. உள்ளூராட்சி அலுவலகத்தில் கோப்புக் கட்டியே தலை நரைத்தவன் என்பதால் என்னிடம் நிறையக் கேட்கிறார்கள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை, வாக்குக் கேட்டு வீதியில் இறங்கவும் விருப்பமில்லை. பிரதேச சபைக் குழுவில் சாதாரண ஊரவராக இருக்கச் சட்டத்தில் இடமிருக்கிறதா, இல்லை அது தவிசாளரின் தயவா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கரைச்சி

இரண்டும்தான் சேர். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 12ஆம் பிரிவைப் பாருங்கள். நிதியும் கொள்கை வகுத்தலும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், சுற்றாடலும் வசதிகளும் என்று நாலு குழுக்களை அது சொல்கிறது. சபை உறுப்பினர்களோடு அந்தப் பிரதேசத்தில் குடியிருக்கும் மற்றவர்களையும் அவற்றில் சேர்க்கலாம். ஆனால் 'சேர்க்கலாம்' என்பதோடு சரி. கட்டாயமில்லை. சேர்த்தாலும் குழுவின் வேலை ஆலோசனை சொல்வது. தீர்மானத்தைச் சபைதான் எடுக்கும், உங்கள் சிபாரிசைத் தள்ளிவிடவும் அதற்கு உரிமை உண்டு. இதைத் தெரிந்துகொண்டு போனால் மனம் நோகாது.

எப்படிக் கேட்பது? தவிசாளருக்கு ஒரு கடிதம், செயலாளருக்கு ஒரு பிரதி. "சமூக சேவையில் மிகுந்த ஆர்வமுடையவன்" என்று தொடங்கும் கடிதங்களை நான் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். அவை கோப்பிலேயே தூங்கும். ஒரு கடிதம் மட்டும் இன்னும் ஞாபகத்தில் நிற்கிறது. ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவர், தன் வட்டாரத்தில் உள்ள 11 மதகுகளையும் கையால் படம் வரைந்து, மாரியில் எது அடைக்கும், ஏன் அடைக்கும் என்று ஒரே பக்கத்தில் எழுதியிருந்தார். ஆர்வம் என்ற சொல்லே அதில் இல்லை. அடுத்த மாதமே அவரைக் கூப்பிட்டார்கள். நீங்கள் ஆசிரியர். எந்தப் பாதையில் பிள்ளைகள் வெள்ளத்துக்குள் நடக்கிறார்கள், எந்தச் சனசமூக நிலையம் பூட்டியே கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதை எழுதுங்கள்.

இன்னொன்று. சபை மாதம் ஒருமுறையாவது கூடவேண்டும். கடிதம் கொடுக்குமுன் இரண்டு மாதம் பார்வையாளராகப் போய் இருந்து பாருங்கள். அங்கே யார் வேலை செய்கிறார், யார் சத்தம் போடுகிறார் என்று விளங்கிவிடும்.

இதற்குச் சம்பளம், போக்குவரத்துப் படி ஏதும் தருவார்களா?
— துணுக்காய்

சம்பளம் இல்லை. தேநீரும் கூட்டம் நீண்டால்தான்.

நான் இளைஞர் பிரதிநிதியாக ஒரு குழுவில் இருக்கிறேன். மூன்று கூட்டத்திலும் எங்கள் ஊர் வீதியைப் பற்றித்தான் பேசினேன். மூன்று முறையும் "அது எங்கட வீதி இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். ஏமாற்றுகிறார்களா?
— மாந்தை கிழக்கு

ஏமாற்றாமலும் இருக்கலாம் தம்பி. வன்னியில் குழுக்கூட்டங்களின் பாதி நேரம் இப்படித்தான் போகிறது. வீதிக்கு வீதி சொந்தக்காரர் வேறு. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள் வீதிகளில் பெரும்பாலானவை பிரதேச சபைக்கு. குளக்கட்டு வீதியும் வாய்க்கால் ஓரத்து வீதியும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பாகவோ கமநல சேவைகள் திணைக்களத்தின் பொறுப்பாகவோ இருக்கலாம். காட்டோரப் பாதை என்றால் வனவளத் திணைக்களம் குறுக்கே வந்து நிற்கும்.

ஆகவே நாலாவது கூட்டத்தில் "வீதியைத் திருத்துங்கள்" என்று கேட்காதீர்கள். "இந்த வீதி சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் இனி அவர்கள் நழுவ முடியாது. இல்லை என்றால், உரிய திணைக்களத்துக்குச் சபை கடிதம் எழுதவேண்டும் என்று குழுவைக் கொண்டு சிபாரிசு செய்யவைத்து, அதைக் கூட்ட அறிக்கையில் ஏற்றச் சொல்லுங்கள். அறிக்கையில் ஏறாத பேச்சு நாங்கள் ஆலமரத்துக்குக் கீழே பேசுகிற பேச்சுத்தான்.

பலர் பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். செயலகம் அரசாங்க அலுவலகம். காணி, நிவாரணம், கிராம அலுவலர் எல்லாம் அங்கே. சபை நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவது. தெருவிளக்கு, குப்பை, சந்தை, மயானம், நூலகம், உள்வீதி எல்லாம் இங்கே. 2025 யூலையில் வறுமை ஒழிப்புக்கென்று அரசாங்கம் தொடங்கிய பிரஜாசக்திக் குழுவும் கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் வேறாக நடப்பது. அதில் இருந்தால் இதில் இருப்பதாக அர்த்தமில்லை.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி நான். குழுவுக்குக் கூப்பிடுகிறார்கள். போனால் வரவுக்கு ஒப்பம் வாங்குவதோடு சரி, வாய் திறக்க விடுவதில்லை. கூட்டமும் பிற்பகலில். பிள்ளைகள் பள்ளியால் வரும் நேரம். விட்டுவிடலாமா?
— புதுக்குடியிருப்பு

விடாதீர்கள் தங்கச்சி. ஆனால் இப்படியே தொடரவும் வேண்டாம்.

உங்கள் பக்கத்துக்கு இதெல்லாம் புதிது. போருக்குப் பிறகு புதுக்குடியிருப்பு, கரைதுறைப்பற்றுச் சபைகளுக்கான தேர்தல் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2018இல்தான் நடந்தது. அதே தேர்தலில்தான் பெண்களுக்கு 25 சதவீதம் என்ற விதியும் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முதல் நாடு முழுவதும் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் 2 சதவீதம்கூட இல்லை. ஆகவே மேசையின் மறுபக்கத்தில் இருப்பவர்களுக்கும் பெண்ணின் பேச்சைக் கேட்கிற பழக்கம் இன்னும் முழுதாக வரவில்லை. இது அவர்களுக்கான சாட்டு இல்லை. என் காலத்தில் நானும் அந்த மேசையில் இருந்தவன்தான். கூட்ட அறிக்கை எழுதும்போது "பெண் உறுப்பினர்களும் கருத்துத் தெரிவித்தனர்" என்று ஒரு வரியில் முடித்திருக்கிறேன். என்ன கருத்து என்று எழுதவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

செய்யவேண்டியது இதுதான். சொல்ல நினைப்பதைக் கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முதலே எழுத்தில் கொடுத்து, நிகழ்ச்சி நிரலில் ஏற்றச் சொல்லுங்கள். நிரலில் ஏறிவிட்டால் தலைவர் உங்கள் பெயரைக் கூப்பிட்டே ஆகவேண்டும். தனியே போகாமல் இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் எழுதட்டும். அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசிக்கும்போது நீங்கள் சொன்னது இல்லையென்றால், "இது விடுபட்டிருக்கிறது" என்று அந்த இடத்திலேயே திருத்தம் கேளுங்கள். இரண்டு தரம் கேட்டால் மூன்றாம் தரம் எழுதுகிறவர் கவனமாகிவிடுவார், இது அனுபவத்தில் சொல்கிறேன்.

நேரத்தை மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் இவ்வளவு பேர் இருக்கிற இடத்தில், அவர்கள் வரமுடியாத நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு "பெண்கள் வருவதில்லை" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

கனடாவில் மார்க்கம் நகரத்தில் இருக்கும் மச்சாள், அங்கே மாற்றுத்திறனாளிகளே நகரசபைக்கு ஆலோசனை சொல்லும் குழு இருப்பதாகச் சொன்னாள். உண்மையா? எனக்கு ஒரு கால் இல்லை. இங்கே அப்படி ஒன்று கேட்கலாமா?
— முல்லைத்தீவு

உண்மை. ஒன்ராறியோ மாகாணத்தில் 2005ஆம் ஆண்டுச் சட்டமொன்று, 10,000 பேருக்குக் குறையாத ஒவ்வொரு நகரசபையும் இந்தக் குழுவை வைத்திருக்கவேண்டும் என்கிறது. அதன் உறுப்பினர்களில் பெரும்பான்மையானோர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கவும் வேண்டும். ஆலோசனைக் குழுதான், ஆனால் வைத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். நம்மிடம் இல்லாதது அந்தக் கட்டாயம்தான்.

இங்கே ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமுடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், பொதுக் கட்டிடங்களில் அவர்கள் போய்வர வசதி இருக்கவேண்டும் என்ற 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. போரில் அவயவம் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் முல்லைத்தீவில் சந்தைக்கும் நூலகத்துக்கும் சாய்தளம் இருக்கிறதா, இருந்தால் அதில் சக்கர நாற்காலி ஏறுமா என்று பார்க்க உங்களைவிடத் தகுதியானவர் யார்? சாய்தளம் கட்டி அதன் முடிவில் படி வைத்த இடத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

12ஆம் பிரிவுக் குழுவொன்றில் மாற்றுத்திறனாளிகள் இரண்டு பேர் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். மார்க்கம் நகரமும் முல்லைத்தீவும் 2017 யனவரியில் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டவை. அந்த நட்பைக் காட்டியே, அங்குள்ள குழு எப்படி இயங்குகிறது என்று மச்சாளிடம் விசாரித்து இரண்டு பக்கம் எழுதி இணைத்துவிடுங்கள். காசு அனுப்பச் சொல்வதைவிட இது அவளுக்கும் புதிதாக இருக்கும்.

சபையின் சந்தையில் எனக்கு ஒரு கடை குத்தகைக்கு இருக்கிறது. சந்தைக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். இருக்கலாமா?
— வவுனியா

இருக்கலாம், சந்தையின் சங்கடம் கடைக்காரருக்குத்தான் தெரியும். ஆனால் முதல் கூட்டத்திலேயே "எனக்கு இந்த இலக்கக் கடை இருக்கிறது" என்று சொல்லி அறிக்கையில் ஏற்றுங்கள். வாடகை, குத்தகை நீடிப்பு, கடை ஒதுக்கீடு பற்றிய பேச்சு வரும்போது எழுந்து வெளியே போய்விடுங்கள். வாயை மூடிக்கொண்டு அங்கேயே இருப்பது போதாது. நான் வேலை செய்த ஒரு இடத்தில், நல்ல மனிதர் ஒருவர் எழுந்து போகாமல் இருந்துவிட்டார். ஒரு சொல்லும் பேசவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வருடக் குத்தகை முழுவதும் அவர் சொல்லி நடந்ததாகவே ஊர் பேசியது.

போன வருடம் குழு என்ன சிபாரிசு செய்தது, அதற்கு என்ன நடந்தது என்று கேட்டால் "தவிசாளரிடம் கேளுங்கள்" என்கிறார்கள். அவர் "அலுவலகத்தில் கேளுங்கள்" என்கிறார்.
— நானாட்டான்

பந்தடி விளையாட்டு. நடுவில் நிற்காமல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அவர் எழுதிக்கொள்ளவேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்கவேண்டும். மறுத்தால் அதற்கென்று குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் அப்பால் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வியைக் கூர்மையாக வையுங்கள். "குழு பற்றிய சகல விபரமும்" என்றால் சுற்றவிடுவார்கள். "இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரையான சுற்றாடல் குழுவின் கூட்ட அறிக்கைகளின் பிரதி" என்றால் இருக்கிறது, இல்லை என்ற இரண்டு பதில்தான். இல்லை என்பதும் ஒரு செய்தி.

கூட்டம், குழு எல்லாம் எனக்கு ஒத்துவராது. ஆனால் ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும்.
— பூநகரி

அப்ப இணக்க சபையை யோசியுங்கள். மத்தியஸ்த சபை என்பது கடதாசிப் பெயர். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. உறுப்பினர்கள் தொண்டர்கள், பயிற்சி கொடுத்துத்தான் நியமிப்பார்கள். வேலிச் சண்டை, கைமாற்றுக் கடன், அடிதடி என்று வருகிறவர்களை இருத்திவைத்துப் பேசவேண்டும். சட்டத்தரணிகள் தம் கட்சிக்காரருக்காக வந்து வாதாட அங்கே இடமில்லை. பொறுமைசாலி என்று ஊர் சொல்கிற ஆளாக இருந்தால் பொருந்தும்.

காலபோகத்தில், அதாவது மாரி நெற்செய்கையில், கட்டாக்காலி மாடுகளால் வயல் அழிகிறது. சபை இதற்கு ஒரு குழு அமைக்கப்போகிறதாம். அதில் மாட்டுக்காரரையும் சேர்க்கவேண்டும் என்கிறார்கள். கள்ளனிடமே சாவியைக் கொடுப்பதா?
— கமக்காரர், நெடுங்கேணி

கோபம் விளங்குகிறது அண்ணை. ஆனாலும் சேர்க்கத்தான் வேண்டும். சபை மாட்டைப் பிடித்துக் கட்டலாம், தண்டம் அறவிடலாம். பிடித்த மாட்டுக்கு வைக்கோலும் தண்ணீரும் யார் வைப்பது, காதில் இலக்கத் தகடு இல்லாத மாட்டுக்கு யாரைத் தேடுவது என்பதில்தான் ஒவ்வொரு வருடமும் எல்லாம் நின்றுபோகிறது. அதற்குப் பதில் மாட்டுக்காரரிடம் மட்டும்தான் இருக்கிறது.

அவர்களுடைய பக்கமும் ஒன்று உண்டு. முன்பு மேய்ச்சலுக்கு விட்ட இடங்களில் இப்போது வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல் நிற்கிறது. விதைப்புத் தொடங்கினால் வயலும் மூடுகிறது. மாடு ஏ9 வீதியில் வந்து படுக்கிறது, இரவில் பேருந்து வந்து மோதுகிறது. மேய்ச்சல் தரைக்குக் காணி கொடுப்பது சபையின் கையில் இல்லை. ஆகவே பிரதேச செயலகம், வனவளத் திணைக்களம், கமநல சேவை நிலையம், கால்நடை வைத்தியர் எல்லோரையும் கூப்பிடாத குழு பேசிக் கலையும்.

நீங்கள் கமக்காரர், உங்களுக்கு இது புதிதில்லை. காலபோகக் கூட்டத்தில் விதைப்புத் திகதி, தண்ணீர் விடும் திகதி, மாடு கட்டவேண்டிய திகதி எல்லாம் எல்லோரும் கைதூக்கி முடிவெடுப்பதுதானே? அதே முறைதான். முதல் கூட்டத்தை ஆவணிக்குள், மாட்டுக்காரர் பால் கொடுத்து முடித்து வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். கார்த்திகையில் மாடு வயலுக்குள் நிற்கும்போது கூடினால் சண்டைதான் நடக்கும்.