நடந்ததெல்லாம் நடந்தே தீரவேண்டியதா?

அன்புள்ள ஐயா,

மதரஸாவில் மூன்று வகை படித்தேன். இல்லாமல் இருக்கவே முடியாதது வாஜிப். இருக்கவே முடியாதது முஸ்தஹீல். இரண்டுக்கும் இடமுள்ளது ஜாயிஸ். அல்லாஹ்வின் அறிவு வாஜிப். அவன் அறிந்தபடி நடக்காமல் போகாது. அப்படியானால் நடப்பதெல்லாம் வாஜிப் ஆகிறதே, ஜாயிஸில் என்ன மிச்சம்? 2017இல் ஒக்கி புயலில் மீனவர்கள் இறந்ததை "நடந்தே தீரவேண்டியது" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். என்னால் மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை.

ஒரு வாசகர், தேங்காப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்வி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. 950இல் மறைந்த இஸ்லாமியத் தத்துவஞானி ஃபாராபி, அரிஸ்டாட்டிலின் நூலுக்கு எழுதிய விளக்கவுரையில் இதையே எடுத்துக்கொள்கிறார். ஸைத் நாளை பயணம் போவான் என்று இறைவன் அறிந்திருந்தால், ஸைத் போவது அந்த அறிவிலிருந்து தப்பாமல் பின்தொடரும். ஆனாலும் வீட்டிலேயே இருந்துவிடும் ஆற்றல் ஸைதிடம் அப்படியே இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்று தவறாமல் வருகிறது என்பதால், வந்தது தன்னளவில் கட்டாயமாகிவிடுவதில்லை.

நீங்கள் இங்கே என்னை மடக்கலாம். முதலில் உள்ளதே வாஜிப் என்றால் அதிலிருந்து தவறாமல் வருவதும் வாஜிப்தானே? தர்க்கப்படி சரி. அதனால்தான் "அல்லாஹ்வின் அறிவு வாஜிப்" என்ற உங்கள் வரியைக் கவனமாகப் பார்க்கவேண்டும். அறிவு என்னும் பண்பு வாஜிப். "இந்தப் படகு இன்று கடலுக்குப் போகும்" என்ற குறிப்பிட்ட அறிதல் அதே பொருளில் வாஜிப் அல்ல. படகு கரையில் நின்றிருந்தால், நின்றது என்பதையே இறைவன் அனாதியில் அறிந்திருப்பான். அறிவு அறியப்படுவதைப் பின்தொடரும் என்று கலாம் எனப்படும் இஸ்லாமிய இறையியலின் அறிஞர்கள் சொல்வது இதைத்தான். உங்கள் வாதத்தில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

உண்மையான நெருக்கடி, ஃபாராபிக்குப் பின் வந்த தத்துவஞானி இப்னு சீனாவிடம் இருக்கிறது. தன்னளவில் இருக்கவும் இல்லாமற்போகவும் கூடியது, அதன் காரணம் முழுமையானதும் பிறிதொன்றால் வாஜிப் ஆகிறது என்கிறார் அவர். மிக நுட்பமான பிரிவினை. ஆனால் அவருடைய உலகம் இறைவனிடமிருந்து தவிர்க்கவியலாமல் பெருகி வருவது. காரணங்களின் தொடரில் எங்குமே வேறு வழி திறப்பதில்லை. இறையியலாளர் கஸ்ஸாலி 1095இல் எழுதிய தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா (தத்துவவாதிகளின் முரண்பாடு) என்ற நூலில் அடித்தது இந்த இடத்தில். எல்லா வகையிலும் ஒத்த இரண்டு பேரீச்சம்பழங்களில், பசித்தவன் ஒன்றை எடுக்கிறான். ஒத்தவற்றுள் ஒன்றைத் தேர்வதே நாட்டத்தின் இயல்பு என்கிறார். உலகம் அத்தகைய நாட்டத்தால் வந்தது என்றால், அது வேறு விதமாகவும் இருந்திருக்கலாம். தத்துவஞானி இப்னு ருஷ்த் பின்னர் இதை மறுத்து எழுதினார். இந்த ஓரிடத்தில் நான் கஸ்ஸாலியோடு நிற்கிறேன்.

இப்போது அந்தப் பெரியவரிடம் வாருங்கள். கத்ரை, அதாவது இறைவன் வகுத்த விதியை, நம்பி ஆறுதல் சொல்லியிருப்பார். அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் சென்று சேரவில்லை. சென்று சேர்ந்திருக்க முடியும், அதில் எந்த முரண்பாடும் இல்லை. உங்கள் மதரஸாப் பாடத்தின்படியே அது ஜாயிஸ். எனவே ஏன் சேரவில்லை என்று கேட்பதை ஈமான் (இறைநம்பிக்கை) தடுக்கவில்லை. அவர் மனம் புண்படாமல் இதை அவரிடமே சொல்லிப் பாருங்கள்.