கையெழுத்துப் போட்டால் படிக்கத் தெரியுமா?

கேள்வி: நாங்கள் மும்பை கோரேகாவில் இருக்கும் தமிழ்ப் பெண்கள். ஆரே காலனியில் ஒரு பாடாவில் (சிறு குடியிருப்பு) வார்லிப் பழங்குடிப் பெண்கள் 18 பேருக்கு ஆறு மாதமாக இந்தியில் எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறோம். எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்கள். உண்மையில் தேறிவிட்டார்களா என்று எப்படிப் பார்ப்பது? தலைக்கு 300 ரூபாய் கொடுத்தால் எழுத்தறிவுச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த 300. ஒரு பைசா கொடுக்காதீர்கள். உல்லாஸ் என்ற மத்திய அரசின் வயது வந்தோர் எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயது தாண்டிய எவரும் கட்டணமில்லாமல் தேர்வு எழுதலாம். வாசிப்பு, எழுத்து, கணக்கு, ஒவ்வொன்றுக்கும் 50 மதிப்பெண். தேறினால் சான்றிதழும் இலவசம். பக்கத்திலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் போய்க் கேளுங்கள். "மேலிடத்திலிருந்து உத்தரவு வரவில்லை" என்பார்கள். மறுபடி போங்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு இத்தனை நடை நடக்க வைத்தால் புரோக்கருக்கு ஏன் பிழைப்பு ஓடாது?

அந்த ஆள் ஆதார் நகலும் வெற்றுத் தாளில் கையெழுத்தும் கேட்டாரா? கேட்டிருப்பார். வேறொரு பாடாவில் சான்றிதழுக்கென்று வாங்கிய கையெழுத்துகள், பிற்பாடு வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்ற தாளின் அடியில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கைநாட்டு வைத்தவரிடம் படித்துக் காட்டினோம் என்று எதிராளிதான் நிரூபிக்க வேண்டியிருக்கும். கையெழுத்துப் போட்டவரிடமோ "படித்துத்தானே போட்டாய்" என்பார்கள். படிக்கத் தெரியாமல் கையெழுத்து மட்டும் பழகியவர் முன்பைவிட மோசமான நிலையில் இருக்கிறார். இனி உங்கள் வகுப்பில் படிக்காத தாளில் யாரும் பேனா வைக்கக்கூடாது.

சரி, தேறினார்களா? நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரே எழுத்தறிவு பெற்றவர். 2011இல் நாடு முழுக்க 73 சதவீதம், பழங்குடியினரில் 59. அதுவும் வாசலில் நின்று கேட்டு எழுதிக்கொண்ட விடை. பெரும்பாலும் யாரும் புத்தகத்தை நீட்டிப் படிக்கச் சொல்வதில்லை.

நீங்கள் நீட்டுங்கள். ஆனால் பாடப் புத்தகத்தை வேண்டாம், ஆறு மாதத்தில் அது மனப்பாடம் ஆகியிருக்கும். கரண்ட் பில்லில் கடைசித் தேதி எது, பள்ளியிலிருந்து வந்த சீட்டு என்ன சொல்கிறது, வரும் பெஸ்ட் பஸ் எங்கே போகிறது என்று கேளுங்கள். ஒவ்வொருவராகத் தனியே கேளுங்கள். கூட்டத்தில் ஒருத்தி படிப்பாள், மற்றவர்கள் வாயசைப்பார்கள். நாற்பது தாண்டியவர் திணறினால் கண்ணாடி வேண்டுமா என்று பாருங்கள், பலருக்குக் குறை கண்ணில்தான்.

இந்தி ஏன்? உங்களுக்குத் தெரியும் என்பதால்தானே! அவர்கள் வீட்டில் பேசுவது வார்லி, வெளியே மராத்தி. எழுத்து எல்லாவற்றுக்கும் தேவநாகரிதான். ஆகவே அவர்கள் ஊதும் வாத்தியமான 'தாரபா'விலிருந்து தொடங்குங்கள். அதில் மூன்று எழுத்து, நம் துணைக்கால் மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். அதே எழுத்துகளை மாற்றிப்போட்டால் தார் (கம்பி), தாப் (காய்ச்சல்), ராத் (இரவு). 'ட' சேர்த்தால் பாடா.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதை எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள். வார்லிகள் குஜராத் எல்லையின் இரு பக்கமும் இருக்கிறார்கள். எல்லையோரத் தலாசரிப் பக்கத்திலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ மருமகளாக வந்தவர் குஜராத்திப் பள்ளியில் நாலாவது படித்திருக்கலாம். உங்கள் பாடத்தைப் பார்த்து முழிப்பார், நீங்களும் ஒன்றும் தெரியாதவர் என்று எழுதிவிடுவீர்கள். மும்பைக்கு வந்த புதிதில் நாம் முழிக்கவில்லையா? பஸ் பலகையில் மராத்தி நாலு நம் கண்ணுக்கு எட்டாகத் தெரிந்தது. எம்.ஏ. படித்த நான் தப்பான பஸ்ஸில் ஏறி மாட்டுங்காவுக்குப் பதில் எங்கோ இறங்கினேன். என்னைக் கைநாட்டு என்று எழுதியிருந்தால் சும்மா விட்டிருப்பேனா? குஜராத்தி எழுத்துக்கு மேல்கோடு கிடையாது. க, ஜ, அ, இ போன்ற சிலவற்றின் வடிவம் மாறும். தாரபாவின் மூன்று எழுத்தும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால் தடுமாறுகிற ஒவ்வொருவரிடமும், பள்ளிக்கூடம் போனீர்களா, எந்த ஊரில் என்று கேளுங்கள். குஜராத்தித் தாள் ஒன்றைக் காட்டுங்கள். படித்தாரென்றால் அவருக்குச் சில வாரம் எழுத்து மாற்றிக் காட்டினால் போதும். அப்புறம் உங்களோடு அவரும் சொல்லித்தரட்டும், அவருக்கு வார்லி தெரியும், உங்களுக்குத் தெரியாது.