பட்டறை பதில்கள்: உப்பையும் கரித்தூளையும் தாண்டி எஞ்சினுக்குக் காற்று

இந்த முறை ராமநாதபுரம் கடலோர வாசகர்களின் கேள்விகள். எல்லாமே எஞ்சினுக்குக் காற்று போகும் பாதையைப் பற்றியவை என்பதால் ஒன்றாகத் தந்திருக்கிறோம்.

கரிமூட்டை ஏற்றும் ஆறு சக்கர லாரி, பி.எஸ்.3 (பழைய புகை விதிப்படி வந்த) டர்போ எஞ்சின். லோடு ஏற்றினால் இழுவை குறைகிறது, ஏற்றத்தில் கறுப்பாகப் புகை தள்ளுகிறது. பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு கூம்பு மாதிரி இருக்கும் ஓப்பன் பில்டரை மாட்டினால் இழுவை கூடும் என்கிறார்கள். நானே மாட்டலாமா?
– லாரி உரிமையாளர், சாயல்குடி

மாட்ட வேண்டாம். டீசல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடுவது டீசல்தான். காற்றைத் திறந்து மூடும் தட்டு பெரும்பாலான பழைய டீசல் எஞ்சின்களில் கிடையாது. உள்ளே போகிற டீசலை எரிக்கக் காற்று போதாத நிலையில் மட்டும்தான் காற்றுப் பாதையைச் சீர்செய்வதில் பலன் உண்டு. முதலில் போதாமல் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

பில்டர் அடைப்பை நீர்மட்டத்தில், அதாவது எஞ்சின் உறிஞ்சும் இழுப்பு தண்ணீரை எத்தனை மி.மீ. உயரம் தூக்கும் என்ற கணக்கில், சொல்வது வழக்கம். டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி) உள்ள எஞ்சின்களில் பொதுவாக 635 மி.மீ. (25 அங்குலம்) வந்தால் எலிமென்ட் (பெட்டிக்குள் இருக்கும் மடிப்புக் காகித வடிகட்டி) மாற்ற வேண்டும், டர்போ இல்லாதவற்றில் 500 மி.மீ. அளவில். உங்கள் எஞ்சின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. 635 மி.மீ. என்பது காற்றழுத்தத்தில் சுமார் 6 சதவீதம். முழுக்க அடைத்த பில்டர் தின்பதே அவ்வளவுதான். ஓப்பன் பில்டர் எஞ்சின் அறைக்குள் உட்கார்ந்து 60 டிகிரிக் காற்றை இழுக்கும். வெளியே 35 டிகிரி. அந்த 25 டிகிரியில் காற்றின் அடர்த்தி 7 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. இன்டர்கூலர் (டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) இதில் ஒரு பங்கை மீட்கும், எல்லாவற்றையும் மீட்காது. போதாததற்கு ஓப்பன் பில்டரின் காகிதப் பரப்பு உங்கள் பெட்டி பில்டரைவிட மிகக் குறைவு. கரித்தூளில் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

அளக்க ஆகும் செலவு சில நூறு ரூபாய். கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான லெவல் டியூப், 8 மி.மீ., நான்கு மீட்டர் வாங்குங்கள். ஒரு மீட்டர் உயரப் பலகையில் 'U' போல வளைத்துக் கட்டி, இரு பக்கமும் பாதி உயரம் வரை தண்ணீர் விடுங்கள். சொட்டு நீலம் ஒரு துளி சேர்த்தால் தெளிவாகத் தெரியும். பில்டர் பெட்டியின் வெளிவாய் அருகே சிவப்பு காட்டும் சிறிய இண்டிகேட்டர் இருக்கும். அதைக் கழற்றி அந்த மரையில் நிப்பிள் போட்டு டியூபின் ஒரு முனையை இணையுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். பலகைக்கும் இணைக்கும் முனைக்கும் நடுவில் ஒரு கெட்டியான காலி பாட்டிலை வையுங்கள், தண்ணீர் ஏறினாலும் அதில் தங்கும், டர்போவுக்குப் போகாது. இரண்டு மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் கணக்கு.

நின்ற இடத்தில் ரேஸ் பண்ணிப் பார்ப்பது டர்போ எஞ்சினுக்கு ஆகாது, லோடு இல்லாமல் டர்போ முழு வேகம் எடுக்காது. லோடோடு, முழு ஆக்சிலேட்டரில், ஏற்றத்தில் பார்க்க வேண்டும். நம் பக்கம் எல்லாம் சமதரை. பாம்பன் பாலத்து ஏற்றம் அல்லது ஏதாவது ரயில்வே மேம்பாலம் உதவும். பலகையை கேபினில் வைத்து கிளீனர் படிக்கட்டும், டிரைவர் சாலையை மட்டும் பார்க்கட்டும்.

புது எலிமென்ட்டோடு 300 மி.மீ.க்குள் இருந்தால் காற்றுப் பாதையில் குறை இல்லை. அதற்கு மேல் என்றால் பில்டர் பெட்டிக்கு முன்னால் உள்ள குழாயில் ஒரு 6 மி.மீ. துளை போட்டு அங்கேயும் அளந்து பாருங்கள். (அது தூசிப் பக்கம், பின்பு போல்ட் போட்டு அடைத்துவிடலாம். பில்டருக்குப் பின்னால் ஒருபோதும் துளை போடாதீர்கள்.) அங்கேயே 100-க்கு மேல் காட்டினால் குழாய்தான் குற்றவாளி. அங்கே குறைவாகவும் பில்டருக்குப் பின் அதிகமாகவும் இருந்தால், அதே வரிசையில் அடுத்த பெரிய பெட்டியும் எலிமென்ட்டும் போடுவது சரியான மாற்றம். கரித்தூள் லேசானது, சுழல்காற்றில் தூசியைப் பிரிக்கும் முன்பில்டர் மணலை நன்றாகப் பிடிக்கும், கரித்தூளைப் பெரும்பாலும் விட்டுவிடும். கரி லோடுக்குக் காகிதப் பரப்பைக் கூட்டுவதுதான் வழி.

அளவு சரியாக இருந்தும் புகை வந்தால் டர்போவிலிருந்து மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் குழாய்) வரையுள்ள ஹோஸ்களைச் சோதியுங்கள். டர்போ வாயை அடைத்து, கம்ப்ரஷரில் 7 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவுங்கள். இன்டர்கூலர் ஓரத்தில் நுரை கிளம்பினால் இழுவை போன இடம் அதுதான். அங்கும் இல்லை என்றால் நாசில் (டீசலைத் தெளிக்கும் முனை), பம்ப் டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்) இவற்றைப் பாருங்கள். பில்டரைக் குறைசொல்லிப் பயனில்லை.

தனுஷ்கோடி சாலையில் கச்சான் (தென்மேற்கு) காற்று வீசும் மாதங்களில் மணல் சாலையை மூடிக்கொண்டு பறக்கிறது. என் மினி லாரியில் காற்று வாய் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பி.வி.சி. பைப்பில் மேலே கொண்டுபோக நினைக்கிறேன். எந்த அளவில் போடுவது?
– ஓட்டுநர், ராமேஸ்வரம்

நினைப்பு சரி. நாம் சொல்லப்போகும் மாற்றங்களிலேயே அதிகப் பலன் தருவது இதுதான். கனமான மணல் தரையை ஒட்டியே பறக்கும். வாயை கேபின் கூரை உயரத்துக்கு ஏற்றினால் பில்டருக்கு வரும் மணலில் பெரும்பங்கு கீழேயே நின்றுவிடும். வெளிக்காற்று கிடைப்பதால் சூடும் குறையும்.

தண்ணீர் பி.வி.சி. வேண்டாம். வெயிலில் நொறுங்கும், அதிர்வில் எல்போ ஒட்டு விடும். 1.6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் குழாய் அல்லது கனமான எச்.டி.பி.ஈ. (கெட்டி பிளாஸ்டிக்) குழாய் போடுங்கள். உள்விட்டம் பில்டர் பெட்டி வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. 3 லிட்டர் டர்போ எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 7 கன மீட்டர் காற்று இழுக்கும். அது 75 மி.மீ. குழாயில் வினாடிக்கு 26 மீட்டர் வேகத்தில் ஓடும், 100 மி.மீ. குழாயில் 15 மீட்டர்தான். வேகம் பாதியாகும்போது தடை கால்பங்காகும். அதனால் உங்கள் பெட்டி வாய் 75 என்றாலும் குழாயை 100-ல் போட்டு, பெட்டிக்கு முன்னால் சாய்வாகக் குறுக்குங்கள்.

கூர்மையான எல்போ ஒன்று, 100 மி.மீ. குழாயில், மூன்று மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமான தடை தரும். இரண்டு நீள வளைவுகளுக்குள் வேலையை முடிக்கப் பாருங்கள். கேபின் ஆடும், சேஸிஸ் வேறாக ஆடும். இரண்டுக்கும் நடுவில் மடிப்பு வைத்த ரப்பர் பெல்லோஸ் கட்டாயம். குழாயை நேராகப் பூட்டினால் முதலில் விரிவது பில்டர் பெட்டியின் வாய்தான். ஹோஸ் மாட்டும் முனையில் 2 மி.மீ. மேடு வைத்து வெல்டிங் செய்து, ஹோஸ் 40 மி.மீ. ஏறி உட்கார்ந்த பின் கிளாம்ப் போடுங்கள். மேடு இல்லாத முனையிலிருந்து ஹோஸ் நழுவும். இரும்புக் கிளாம்ப் இந்தக் கடற்கரையில் சீக்கிரம் துருவேறி அறும், முழுக்க ஸ்டெயின்லெஸ்ஸில் வாங்குங்கள்.

வாயைப் பின்பக்கம் பார்த்து வைக்கவும். முன்னால் திருப்பினால் காற்று தானாக ஏறும் என்பார்கள்; 60 கி.மீ. வேகத்தில் அந்த ஏற்றம் நீர்மட்டத்தில் 16 மி.மீ.தான். அதற்காக ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் பில்டருக்குள் வாங்க வேண்டாம். குழாயின் மிகத் தாழ்ந்த இடத்தில் 6 மி.மீ. வடிகால் துளை போடுங்கள். கொசுவலையை வாயில் கட்டாதீர்கள், தூசியும் ஈரமும் சேர்ந்து ஒரே நாளில் மூடிவிடும். 3 மி.மீ. கண்ணுள்ள ஸ்டெயின்லெஸ் வலை போதும்.

வெல்டிங் முடிந்ததும் குழாயைத் தனியே கழற்றி உள்ளே கம்பிப் பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். பில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் கை வைத்தால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. ஒரு வெல்டிங் பொட்டு டர்போ இறக்கையை முடிக்கும். அந்தப் பக்கத்தில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் மணல் நேராக லைனருக்கு (சிலிண்டரின் உள்சுவர்) போய், பிஸ்டனின் மேல் ரிங்கையும் லைனரின் மேல்பகுதியையும் அரைக்கும். ஆயில் குறையும், டிப்ஸ்டிக் வழியே புகை வரும். மாட்டிய பத்து நாளில் பில்டருக்குப் பின் ஹோஸைக் கழற்றி வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்துப் பாருங்கள். ஆயில் ஈரம் கொஞ்சம் இருக்கலாம். நரநரவென்று மண் தட்டினால் வண்டியை அதற்கு மேல் ஓட்டாமல் ஓட்டையைத் தேடுங்கள்.

அண்ணே, மீன் ஏற்றும் பிக்கப். பில்டர் மாற்றி ஒரு மாதம்தான் ஆகிறது. ராத்திரி துறைமுகத்தில் நிறுத்தி விடியற்காலை எடுத்தால் இழுவை இல்லை, மதியம் சரியாகிவிடுகிறது. மெக்கானிக் டீசல் பம்பைக் கழற்றலாம் என்கிறார்.
– வாசகர், மண்டபம்

பம்பைத் தொடும் முன் பில்டரைப் பாருங்கள். உப்புக்கு ஒரு குணம்: காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானே தண்ணீரை இழுத்துக் கரையும். கடற்கரையில் இரவெல்லாம் அந்த நிலைதான். பில்டர் காகிதத்தில் படிந்த உப்பு விடியலில் ஈரமாகிக் காற்றுவழியை அடைக்கும், வெயில் ஏறினால் காயும். முதல் பதிலில் சொன்ன லெவல் டியூபால் காலை ஐந்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் ஒரே லோடில் அளந்தால் விடை கிடைக்கும். இரண்டு அளவும் ஒன்றாகவே இருந்தால் மட்டும் பம்ப் பக்கம் போகலாம்.

கரைந்த உப்பு காகிதத்தைத் தாண்டியும் கசியும். பின்பக்கக் குழாயில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதுதான், டர்போவின் அலுமினிய இறக்கையைப் பொட்டுப் பொட்டாக அரிக்கும். கடலோர மீன் வண்டிக்கு எலிமென்ட்டைக் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் மாற்றாதீர்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆறு மாதம். தண்ணீர் ஒட்டாத பூச்சுள்ள எலிமென்ட் உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் கூடுதல் விலை தகும். பெட்டியின் அடியில் வாத்து மூக்கு போல ஒரு ரப்பர் வால்வு இருக்கும். உப்பும் தூசியும் குழைந்து அதன் வாய் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். தினமும் ஒருமுறை விரலால் பிதுக்கிவிடுங்கள். வண்டி கழுவும்போது பிரஷர் குழாயைக் காற்று வாய்ப் பக்கம் காட்ட வேண்டாம்.

பில்டரைக் காற்றடித்து எத்தனை முறை பயன்படுத்தலாம்?
– வாசகி, கீழக்கரை

அடிக்காமல் இருப்பதே நல்லது. வழியில்லை என்றால் 30 பி.எஸ்.ஐ.க்குள், உள்ளிருந்து வெளியே, ஓர் அடி தள்ளிப் பிடித்து, ஒரே ஒரு முறை. பிறகு இருட்டில் உள்ளே பல்பு விட்டுப் பாருங்கள்; ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் தூக்கிப்போடுங்கள். டயரில் தட்டுவது மடிப்பை உடைக்கும். உள்ளே இருக்கும் சிறிய சேஃப்டி பில்டரை எப்போதும் சுத்தம் செய்யக் கூடாது, வெளி எலிமென்ட் மூன்று முறை மாறும்போது அதைப் புதிதாக மாற்றுங்கள்.

விசைப்படகில் 6 சிலிண்டர் லாரி எஞ்சின், டர்போ இல்லை. எஞ்சின் அறை அடுப்பு மாதிரி கொதிக்கிறது, கறுப்புப் புகை வருகிறது. பில்டரை எடுத்துவிட்டுக் காடாத் துணி கட்டியிருக்கிறோம்.
– படகு உரிமையாளர், பாம்பன்

துணியை உடனே எடுங்கள். உப்பு நீர் பட்டுத் துணி ஒட்டிக்கொண்டால் எஞ்சினுக்கு மூச்சுமுட்டும், நூல் அறுந்தால் வால்வுக்குப் போகும்.

5.8 லிட்டர் எஞ்சின் 1,800 சுற்றில் நிமிடத்துக்கு 4.5 முதல் 5 கன மீட்டர் காற்று கேட்கும். அதை அறைக்குள் மெதுவாக, வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் கொண்டுவர 200 சதுர செ.மீ. திறப்பு வேண்டும். அறை குளிரவும் காற்று தேவை என்பதால் 6 அங்குலக் குழாய் இரண்டை உள்வரவுக்கும், ஒன்றை வெளியேற்றத்துக்கும் வையுங்கள். உள்வரும் குழாய்கள் தளத்துக்கு மேல் அன்னக் கழுத்து போல வளைந்து பின்பக்கம் பார்க்க, கீழ்முனை எஞ்சினின் காற்று வாய் அருகே வரட்டும். வெளியேறும் குழாய் அறையின் கூரையை ஒட்டித் தொடங்க வேண்டும், சூடு மேலேதான் தங்கும். அறையின் சூடு வெளியைவிட 15 டிகிரிக்கு மேல் போகாவிட்டால் போதும்.

அலைத்துளிக்கு ஒரு தடுப்புப் பெட்டி: 40 செ.மீ. சதுரம், 50 செ.மீ. உயரம். காற்று ஒரு பக்கம் நுழைந்து நடுத்தகட்டில் மோதி, அடியில் புகுந்து, மறுபக்கம் மேலே போக வேண்டும். திரும்பும் இடத்தில் துளிகள் விழுந்துவிடும், அடியில் வடிகால் வையுங்கள். பழைய பில்டர் பெட்டியை இதற்குப் பின்னால் மறுபடி மாட்டுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் நிதானமாகச் செய்துவிடலாம்.

பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியிலும் இதையெல்லாம் செய்யலாமா?
– வாசகர், தொண்டி

வடிகாலைச் சுத்தம் செய்வது, கிளாம்ப் மாற்றுவது, நேரத்துக்கு எலிமென்ட் போடுவது, இவ்வளவோடு நிறுத்துங்கள். பில்டருக்குப் பின்னால் காற்றை அளக்கும் சென்சார் பல மாடல்களில் இருக்கிறது. குழாயின் விட்டம் மாறினால் கணக்கு தப்பும். எண்ணெய் தடவிய பில்டர் போட்டால் அந்தச் சென்சாரில் எண்ணெய்ப் படலம் ஏறும். கணக்கு தப்பினால் புகைக்கரி கூடி, புகைக்குழாய் வடிகட்டி அடைத்து, வண்டி இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, வாரண்டியும் போகும். மணல் தொல்லை தாங்கவில்லை என்றால் உங்கள் மாடலுக்கு உயரமான காற்று வாயைக் கம்பெனியே தருகிறதா என்று டீலரிடம் உதிரிபாக எண்ணோடு கேளுங்கள்.