பூட்டிக் கிடந்த பழைய வீட்டை விடுமுறை வாடகைக்கு விடலாமா?

வாசகர் கேள்வி: 150 வருஷத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெரிய வீடு ஒன்று குடும்பச் சொத்தாக என் கைக்கு வந்திருக்கிறது. 15 வருஷமாகப் பூட்டியே கிடந்தது. கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. கீழ்த்தளச் சுவர்களில் இடுப்பளவுக்கு ஈரம். மாடியில் ஓர் அறையின் மரத்தரை கால் வைத்தால் அமுங்குகிறது. இதைச் சரிசெய்து விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விட ஆசை. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், பழைய பூச்சு முழுவதையும் தட்டிவிட்டு சிமென்ட் பூசி, 6 மாதத்தில் புது வீடு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்கிறார். அடுத்த சீசனுக்குள் திறந்துவிடலாமா? எதை முதலில் செய்வது?

பதில்: ஒப்பந்தக்காரரிடம் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். அவர் நேர்மையானவராக இருக்கலாம், புது வீடு கட்டுவதில் கெட்டிக்காரராகவும் இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் வைத்தியம் உங்கள் வீட்டுக்கு ஆகாது. ஏன் ஆகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற முடிவுகள் எல்லாம் இதைத் தொட்டுத்தான் வரும்.

அந்தக் காலத்துச் செங்கல், கல் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை. இன்று நாம் சிமென்ட் என்று சொல்லும் போர்ட்லண்ட் சிமென்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே 1824-இல்தான். அது கிராமப்புறக் கட்டுமானம் வரை வந்து சேர வெகு காலம் பிடித்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைத் தடுத்து நிறுத்தாது. கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்ளும், காற்றும் வெயிலும் பட்டதும் வெளியே விட்டுவிடும். இப்படி நனைந்தும் உலர்ந்துமே அது இத்தனை வருஷம் நின்றிருக்கிறது. அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேறும் வழி அடைந்துபோகும். சிமென்ட் பூச்சில் எப்படியும் மயிரிழை வெடிப்பு விழும், அந்த வழியாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், இறங்கியது திரும்ப வராது. பிறகு உப்பு பூக்கும், சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரங்களின் முனை மட்கத் தொடங்கும். நான் ஆலோசனைக்குப் போன ஒரு வீட்டில், சிமென்ட் பூசி 8 வருஷம் ஆன முன்சுவரைத் திறந்து பார்த்தோம். வெளிப்புறம் பளிச்சென்று இருந்தது. உள்ளே உத்தரத்தின் முனை, தண்ணீரில் ஊறிய ரொட்டி போலக் கையோடு வந்தது.

இன்னொரு விஷயம், சிமென்டின் கடினம். பழைய கட்டடம் பருவத்துக்குப் பருவம் லேசாக அசையும். அப்போது காரைதான் விட்டுக்கொடுக்க வேண்டும். காரை செங்கல்லைவிடக் கெட்டியாக இருந்தால் செங்கல் உடையும். காரை உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம், முகம் உதிர்ந்த பழைய செங்கல்லை என்ன செய்வது? ஆகவே சுவர் வேலைக்குச் சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார்தான் வேண்டும். அவர் ஏற்கெனவே முடித்த இரண்டு வீடுகளை, முடித்து சில வருஷமான வீடுகளை, நேரில் போய்ப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக உள்வாங்கித்தான் இறுகும். அதுவரை சீக்கிரம் காய்ந்துவிடாமல் ஈரம் காட்ட வேண்டும், கடும் வெயிலிலும் உறைபனியிலும் மூடி வைக்க வேண்டும். "அவசரமாக முடித்துத் தருகிறேன்" என்று சொல்பவருக்கு இந்த வேலை சரிப்படாது.

சரி, முதல் வேலை எது? தண்ணீரை நிறுத்துவது. கூரையை முழுசாகப் பிரித்து வேய உங்களுக்கு இப்போது பணமும் அனுமதியும் இல்லாமல் இருக்கலாம். அதற்காக இன்னொரு மழைக்காலத்தை விடாதீர்கள். ஒழுகும் இடங்களில் தகரமோ தார்ப்பாயோ கெட்டியாகக் கட்டி இந்த வாரமே மூடுங்கள். அடுத்து மழைநீர்க் குழாய்களையும் கூரை ஓரத் தூம்புகளையும் சுத்தம் செய்யுங்கள். நல்ல மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே வழிகிறது, எங்கே தேங்குகிறது, எந்தச் சுவரில் சாரல் நேராக அடிக்கிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வெயில் நாளில் வந்து பார்க்கும் எந்த நிபுணரும், நான் உட்பட, இதைச் சொல்ல முடியாது.

இடுப்பளவு ஈரம் என்றதும், சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்றச் சொல்ல நிறைய பேர் வருவார்கள். அவர்களைக் கொஞ்ச நாள் காக்க வையுங்கள். பல வீடுகளில் காரணம் மிகச் சாதாரணமானது. பல வருஷமாக மண்ணும் சருகும் சேர்ந்து வெளித்தரை உயர்ந்திருக்கும், அல்லது யாரோ சுவரை ஒட்டிச் சுற்றிலும் சிமென்ட் தளம் போட்டிருப்பார்கள். வெளித்தரை உள்தரையைவிடக் குறைந்தது 15 சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். அந்த அளவுக்கு மண்ணை வெட்டி எடுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: அடித்தளம் ஆழமில்லாத சுவராக இருந்தால், கட்டடப் பொறியாளர் பார்த்த பிறகே சுவரோரம் தோண்ட வேண்டும். அப்புறம் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கணப்பு இருந்து அதன் புகைபோக்கி அடைக்கப்பட்டிருந்தால், அதிலும் காற்று போக வழி செய்யுங்கள்.

இனி காத்திருக்க வேண்டும். சுவர் 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் உலரும் என்று கட்டடக்காரர்கள் தோராயமாகச் சொல்வார்கள். 45 சென்டிமீட்டர் சுவர் என்றால் ஒன்றரை வருஷம் ஆகிறது. இடமும் காற்றோட்டமும் பொறுத்து இது மாறும், ஆனால் எந்தக் கணக்கிலும் 6 மாதத்தில் முடியாது. ஈரச் சுவரில் பூசிய வண்ணம் முதல் விருந்தினர் வரும் முன்பே செதில் செதிலாக உரியும். அடுத்த சீசனுக்குள் முழு வீட்டையும் திறக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு, முடியாது என்பதுதான் என் பதில்.

காத்திருக்கும் காலம் வீண் இல்லை. வீட்டை அளந்து வரைபடம் போடுங்கள், ஒவ்வோர் அறையையும் புகைப்படம் எடுங்கள். வெடிப்பு ஒவ்வொன்றும் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு வருஷம் கழித்தும் வெடிப்பு அந்தக் கோட்டிலேயே நின்றால், அது அநேகமாகப் பழைய காயம், பயப்பட வேண்டாம். கோட்டைத் தாண்டியிருந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

காகித வேலையையும் இந்த மாதங்களிலேயே முடிக்கலாம். வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், உள்ளே ஒரு கதவை மாற்றக்கூட அனுமதி தேவைப்படலாம். இங்கிலாந்தில் பட்டியலிட்ட கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்வது குற்றவியல் குற்றமே. குடியிருப்பை விடுமுறை வாடகை இடமாக மாற்றப் பல ஊர்களில் தனி அனுமதி உண்டு. கூரையில் வௌவால் குடியிருந்தால், ஐரோப்பிய நாடுகள் உட்படப் பல இடங்களில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பதால் வேலைக்கான காலமே மாறிவிடும். இன்சூரன்ஸை மறக்காதீர்கள். ஆளில்லாத வீட்டுக்குச் சாதாரணப் பாலிசி பெரும்பாலும் 30 அல்லது 60 நாளுக்கு மேல் முழுமையாகப் பொறுப்பேற்காது. வேலை நடக்கும் காலத்துக்கும் பிறகு வாடகைக்கு விடும் காலத்துக்கும் வேறு வேறு பாலிசி கேட்டு வாங்குங்கள்.

மாடித் தரைக்கு வருகிறேன். அமுங்கும் அறைக்குள் யாரும் நடமாட வேண்டாம். மேல் பலகை ஒன்றிரண்டை மட்டும் தூக்கி, கூரிய கம்பியால் உத்தரத்தைக் குத்திப் பாருங்கள். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. அதனால் கூரையை மூடியதுமே பாதி வைத்தியம் முடிந்துவிடுகிறது. மட்கிய முனையை மட்டும் அறுத்து எடுத்து, அதே வகை மரத்தில் புதுத் துண்டு செய்து பிணைக்கத் தெரிந்த தச்சர் உண்டு. முழு உத்தரத்தையும் கழற்றிப் போடச் சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள். விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. உலர் அழுகல் என்கிற பூஞ்சை, சுவரைக் கடந்துகூடப் பக்கத்து மரத்துக்குப் போகும். அது இருப்பதாகச் சந்தேகம் வந்தால் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரியும்வரை திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

இப்போது என் மனதுக்கு நெருக்கமான விஷயம். "புது வீடு மாதிரி" என்பதை உங்கள் இலக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். புது வீட்டில் தங்க வேண்டும் என்றால் விருந்தினர் உங்கள் கிராமம் வரை வரத் தேவையில்லை. தேய்ந்த படிக்கட்டு, அலை அலையாகத் தெரியும் பழைய ஜன்னல் கண்ணாடி, கை பட்டுப் பட்டு வழவழப்பான கதவுப்பிடி, இவற்றுக்காகத்தான் அவர்கள் பணம் கொடுக்கிறார்கள். வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸும் நண்பர்களும் 1877-இல் இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். கட்டடங்கள் விழுவதைவிட, புதுப்பிக்கிறோம் என்று வந்தவர்கள் தேவாலயங்களின் பழைய பூச்சைச் சுரண்டி, இல்லாத அலங்காரங்களைச் சேர்த்ததுதான் அவர்களைக் கொதிக்க வைத்தது. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச ஆவணமான 1964-இன் வெனிஸ் சாசனமும் இதே வழியில்தான் போகிறது: ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும். உங்கள் வீட்டில் இதற்கு அர்த்தம் எளிது. ஒரு ஜன்னல் கதவு உடைந்திருக்கிறது, பக்கத்தில் அதே மாதிரி முழுசாக ஒன்று இருக்கிறது என்றால், பார்த்துச் செய்யுங்கள். சுவரில் ஏதோ சித்திரம் இருந்ததாகக் கேள்வி மட்டும் என்றால், அந்தச் சுவரைச் சும்மா விடுங்கள்.

அதற்காகத் தொந்தரவுகளையும் அப்படியே விட வேண்டும் என்று சொல்லவில்லை. பழைய வயரிங்கை மொத்தமாக மாற்றிவிடுங்கள், இதில் பாசம் வேண்டாம். ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி இணைத்த புகை அலாரங்கள், கணப்பு இருக்கும் அறையில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம், இருட்டிலும் வழி தெரியாதவர்கள் இறங்கிவரும்படி வெளிச்சமுள்ள படிக்கட்டு, இவையெல்லாம் இல்லாமல் ஒருவரையும் தூங்க வைக்காதீர்கள். குடும்பத்தாருக்கு வீடு கண்ணை மூடினாலும் தெரியும், விருந்தினருக்கு அது முதல் இரவு. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம், அதனால் உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. பிற்காலத்தில் சேர்த்த கூரைத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், உடைக்கும் முன் பரிசோதியுங்கள்.

பாத்ரூம்தான் பழைய வீடுகளை அதிகம் காயப்படுத்துவது. எல்லாப் படுக்கையறையிலும் ஒன்று என்று ஆசைப்பட்டால் குழாய்க்காக உத்தரங்களை வெட்ட வேண்டிவரும். ஒன்றின் மேல் ஒன்றாக, முடிந்தால் ஒரே மூலையில் அமையுங்கள். குளியல் தொட்டி நிறைய தண்ணீர் பிடித்தால் 200 லிட்டர், அதாவது 200 கிலோ. தொட்டியின் எடையும் ஆளின் எடையும் தனி. கீழே உள்ள உத்தரம் தாங்குமா என்று கணக்குப் போட்ட பிறகே தொட்டியை வாங்குங்கள். ஈரக்காற்றை வெளியே தள்ளும் விசிறியும் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் ஒன்றரை வருஷம் உலர்த்திய சுவர் மறுபடி நனையும். செப்டிக் டேங்க் முழு வீடும் நிறைந்த நாளைத் தாங்க வேண்டும். விருந்தினர் இல்லாத நாட்களில் குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும். 20 முதல் 45 டிகிரி வரையான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். சுடுநீரை 60 டிகிரியில் சேமியுங்கள், கைசுட்டுவிடாமல் கலவைக் குழாய் போடுங்கள், ஆளில்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை எல்லாக் குழாயையும் திறந்து ஓட விடுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. கிடைத்த மதிப்பீட்டுக்கு மேல் நாலில் ஒரு பங்கைத் தனியே வையுங்கள், பலகையைத் தூக்கினால்தான் தெரியும் செலவு நிச்சயம் வரும். வருமானக் கணக்கைச் சீசன் வாரத்தை வைத்துப் போடாதீர்கள். பாதி நாள் காலி என்று வைத்து, துப்புரவு, விரிப்பு சலவை, வருஷாந்திரப் பராமரிப்பு எல்லாம் கழித்து, அப்போதும் கட்டுப்படியாகிறதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் வேலையின் அளவைச் சுருக்கலாம், கடனைப் பெருக்காதீர்கள்.

இது நடக்கக்கூடிய காரியம்தான். பிரிட்டனில் 1965-இல் தொடங்கிய லேண்ட்மார்க் டிரஸ்ட், கைவிடப்பட்ட கட்டடங்களை மீட்டு விடுமுறைக்கு வாடகைக்கு விட்டே அவற்றைப் பராமரிக்கிறது. 1978-இல் தீப்பிடித்துப் பாழான ஆஸ்ட்லி கோட்டையில், மிஞ்சிய சுவர்களை அப்படியே நிற்கவிட்டு உள்ளுக்குள் புது வீட்டைக் கட்டினார்கள். அதற்கு 2013-இல் கட்டடக்கலைக்கான ஸ்டெர்லிங் பரிசு கிடைத்தது. தீ தின்ற பகுதி முன்பு எப்படி இருந்தது என்று அவர்கள் போலி செய்து காட்டவில்லை. அவர்களுடைய வீடுகளில் தொலைக்காட்சி கிடையாது, ஆனாலும் மக்கள் வந்து தங்குகிறார்கள்.

உங்கள் வீட்டில் ஈரம் ஏறாத பகுதி ஏதாவது இருக்கிறதா? தனிக் கட்டடமாக ஒரு பழைய தொழுவமோ பண்டகச்சாலையோ இருந்தால் இன்னும் நல்லது. அதை முதலில் முடித்து, இரண்டு பேர் தங்கும்படி திறக்கலாம். பெரிய வீடு உலரும் காலத்தில் கொஞ்சம் வருமானம் வரும், உங்கள் கொத்தனாரும் தச்சரும் எப்படிப்பட்டவர்கள் என்று தெரியும், எது இல்லாமல் விருந்தினர் தவிக்கிறார்கள் என்பதையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம். அங்கே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள், தங்கிப் போகிறவர்கள் மனதில் பட்டதை எழுதட்டும். பெரிய வீட்டின் பாத்ரூம்கள் எங்கே வர வேண்டும் என்பதை அதைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள். அதற்கு முன்னால் அந்தத் தார்ப்பாயை, இந்த வாரம்.