பூரணி என்று பெயர் வைக்கலாமா?

அன்புள்ள சார்,

கோவையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மனைவிக்கு இது எட்டாம் மாதம். பெண் பிறந்தால் ‘குறிஞ்சி மலர்’ நாவலில் வரும் பூரணியின் பெயரை வைக்கவேண்டும் என்பது என் அம்மாவின் ஆசை. மனைவி வீட்டில், அது கஷ்டப்பட்டவளின் பெயர், வேண்டாம் என்கிறார்கள். மாமனார் நியூமராலஜி பார்ப்பவரிடம் கேட்டுவிட்டு, வைத்தே தீரவேண்டும் என்றால் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்கிறார். எனக்கு நேரமில்லை என்பதால் கதைச்சுருக்கத்தை யூடியூபில் கேட்டேன். நன்றாக இருந்தது. கதாபாத்திரத்தின் விதி பெயரோடு ஒட்டிக்கொண்டு வருமா? அந்த நாவல் இன்றைக்கும் படிக்கத் தகுந்ததுதானா? டி.வி. தொடராக வந்தபோது ஸ்டாலின் நடித்தாராமே, அதை எங்கே பார்க்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டி.வி. விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஆமாம், தூர்தர்ஷனில் வந்தது, பூரணியை விரும்பும் கதாநாயகன் அரவிந்தனாக நடித்தவர் மு.க. ஸ்டாலின்தான். எங்கே கிடைக்கும் என்று தேடுவதெல்லாம் உங்கள் தலைமுறைக்குக் கைவந்த வேலை, என்னைக் கேட்காதீர்கள். நியூமராலஜியும் அப்படித்தான். தமிழில் பூரணிக்கு மூன்றே எழுத்து. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் ‘நன்றாக இருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விடமாட்டேன். எது நன்றாக இருந்தது? பத்து நிமிஷத்தில் ஒருவர் மூச்சு விடாமல் ஒப்பித்ததா? ஒரு பெண் குழந்தை எண்பது வருஷம் சுமக்கப்போகிற பெயர். அந்தப் பெயர்க்காரி யாரென்று தெரிந்துகொள்ள உங்களுக்கு நான்கு சாயங்காலம் இல்லை. மொபைல் போன் வாங்குவதற்கு எத்தனை ரிவ்யூ பார்த்தீர்கள்?

சரி, கோபம் போதும். படிக்கத் தகுந்ததா என்றால், இப்போது படித்தால் உங்களுக்குப் பல இடங்களில் பொறுமை போகும், எனக்கே போகிறது. இதை எழுதிய நா. பார்த்தசாரதி, சுருக்கமாக நா.பா., தமிழ்ப் பண்டிதர், மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். அத்தியாயத்துக்கு அத்தியாயம் தலையில் ஒரு செய்யுள் இருக்கும். ஆட்கள் காப்பி குடிக்கும்போதுகூட மேடையில் நிற்கிற மாதிரி பேசுவார்கள். அரவிந்தனிடம் பேருக்குக்கூட ஒரு குறை கிடையாது. இலக்கியம் பேசுகிறவர்கள் இந்த நாவலை எப்போதோ ஓரம் கட்டிவிட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. அப்படியும், தகப்பனைப் பறிகொடுத்த வீட்டில் தம்பி தங்கையை வைத்துக்கொண்டு நிற்கிற மூத்த பெண்ணை அவர் எழுதியிருக்கும் பக்கங்கள் அப்படியே நிற்கின்றன. அந்த வீட்டுச் சின்னவர்களின் பெயரைப் பாருங்கள்: திருநாவுக்கரசு, சம்பந்தன், மங்கையர்க்கரசி. இறந்துபோனவர் தமிழ்ப் பேராசிரியர் என்று தனியாகச் சொல்லவே வேண்டாம்.

விதி பெயரோடு வருமா என்று கேட்டீர்கள். துக்கப்படாத பெண்ணின் பெயர்தான் வேண்டும் என்றால் நம் காவியங்களில் ஒரு பெயரும் மிஞ்சாது. சீதா, ஜானகி, மைதிலி என்று ஒருத்தியின் பெயரையே மூன்று விதமாக வைத்து ஊரை நிறைத்திருக்கிறோம். அவள் பட்டதெல்லாம் நமக்குத் தெரியாதா? மங்கலமான பெயர் வைத்துவிட்டால் காப்பாற்றும் என்றும் இல்லை. சிலம்பில் மாதவியின் மகளுக்கு மணிமேகலை என்று பெயர் சூட்டியவன் கோவலன். தன் முன்னோர் ஒருவனைக் கடலில் காத்த தெய்வத்தின் பெயரைத் தேடிப் பிடித்து வைத்தான். அன்றைக்குப் பொன்னை வாரி வழங்கினான். என்ன பிரயோஜனம்? அந்தக் குழந்தைக்கு அப்பன் நிலைக்கவில்லை.

பூரணி பாவம், கஷ்டப்பட்டாள், அவ்வளவுதானே? அரவிந்தன் செத்தே போகிறான். கல்யாணம் ஆவதற்கு முன்னால், சின்ன வயசில். ‘மணிவண்ணன்’ என்ற புனைபெயரில் நா.பா. இதைக் கல்கியில் தொடராக எழுதினார். வாராவாரம் காத்திருந்து படித்து, அவன் செத்ததற்கு அழுது தீர்த்த பெண்கள், அதற்கப்புறம் பிறந்த தங்கள் பையன்களுக்கு அரவிந்தன் என்று பெயர் வைத்தார்கள். ஒருவர் இருவர் இல்லை. என் வகுப்பிலேயே மூன்று அரவிந்தன்கள். வாத்தியார் இனிஷியல் சொல்லித்தான் கூப்பிடுவார். அற்பாயுசில் போனவன் பெயரை எந்தத் தாயாவது வைப்பாளா? வைத்தார்களே! அவர்களுடைய மாமியார்கள் எதிர்க்காமலா இருந்திருப்பார்கள்?

என் சித்தி அதில் ஒருத்தி. மதுரை சிம்மக்கல் பக்கம் ஒண்டுக்குடித்தனம். கல்கி வாங்கியது சித்தப்பாதான் என்றாலும் அஞ்சு வீடும் படித்த பிறகுதான் சித்தி கைக்குத் திரும்பும். தொடரை மட்டும் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தாள். காலிகோ அட்டை, முதுகில் சிவப்புத் துணி. கதைக்குப் பின்பக்கம் கூந்தல் தைல விளம்பரமோ, பாதியில் அறுந்த துணுக்கோ இருக்கும். எங்கேயாவது ஒரு பக்கத்தில் அடுத்த வீட்டுக் காப்பி டம்ளரின் வட்டம்.

பன்னிரண்டு வயசில் கோடை லீவுக்குப் போனபோது அதை எடுத்துப் படித்தேன். மூன்று நாள் எந்த விளையாட்டுக்கும் போகவில்லை. கடைசிப் பக்கத்தில் அரவிந்தன் உயிரோடு இருந்தான். கதை அந்தரத்தில் நின்றது.

“மிச்சம் எங்க சித்தி?”

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பைண்டர் தொலைச்சிட்டான்டா. அப்புறம் என்ன, ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டு நல்லா இருந்தாங்க.”

ஏழெட்டு வருஷம் அதை நம்பினேன். கல்லூரி நூலகத்தில் புத்தகமாகக் கையில் கிடைத்தபோது, சரி, கல்யாணம் எப்படி நடந்தது பார்ப்போம் என்று கடைசிப் பகுதியை மட்டும் புரட்டினேன். இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, மேலே ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. சித்திக்குக் கோபமாக ஓர் இன்லண்ட் லெட்டர் போட்டேன். பதில் வந்தது. ஆவக்காய் போட்டிருப்பதாகவும், யாராவது வந்தால் ஒரு ஜாடி கொடுத்தனுப்புவதாகவும் எழுதியிருந்தாள். அரவிந்தனைப் பற்றி ஒரு வரி இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் போய்ச்சேர்ந்தாள். பைண்டு வால்யூம் என்னிடம் வந்தது. காலிகோ இற்றுப்போயிருந்ததால் புதிதாக அட்டை போடக் கொடுத்தேன். பைண்டர் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “விட்டுப்போனது இல்ல சார் இது. பிளேடு வெச்சு அறுத்திருக்காங்க.” தையலோடு ஒட்டி, விரல் அகலத்துக்குக் காகித விளிம்புகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு விளிம்பிலும் வரிகளின் முதல் இரண்டு எழுத்து. ‘அவ’, ‘பூர’, ‘கண்’ என்று இறங்கிக்கொண்டே போயின. முழுசாகத்தான் பைண்டு பண்ணியிருக்கிறாள். அதற்கப்புறம் ஒருநாள் உட்கார்ந்து, பக்கத்துப் பக்கத்தில் கீறல்கூட விழாமல், அவன் சாகிற இடத்தை மட்டும் அறுத்து எடுத்திருக்கிறாள். அவளுடைய அரவிந்தன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்திருப்பான், அல்லது வயிற்றில் இருந்திருப்பான்.

எந்த விமர்சகர் ஒரு நாவலை இவ்வளவு பொறுப்பாகத் திருத்தியிருக்கிறார், சொல்லுங்கள். நா.பா. பேனாவால் ஒருவனைக் கொன்றார். இந்தப் பெண்கள் ‘முடியாது போங்கள்’ என்று அவனைத் தெருவுக்கு ஒருவனாகப் பெற்றுப்போட்டார்கள். அந்தப் பையன்கள் டைபாய்டு வந்து பிழைத்தார்கள், பத்தாவதில் ஃபெயிலானார்கள், கடன் வாங்கினார்கள், தொப்பை போட்டார்கள். கதையில் இருப்பவனுக்கு இதில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. பெயரோடு விதி வருமா என்று கேட்கிறீர்கள். பெயரை வைத்தவர்கள் அந்த விதியை மாற்றத்தான் வைத்தார்கள். உங்கள் அம்மாவின் ஆசையும் அந்த ரகமாக இருக்கலாம். அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்கமாட்டீர்கள். யூடியூபைக் கேட்டீர்கள்.

அவசரமும் ஒன்றும் இல்லை. பிறப்பைப் பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம், ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு வருஷத்துக்குள் நாவலைப் படியுங்கள். மனைவிக்கும் வாசித்துக் காட்டுங்கள், எட்டாம் மாதத்தில் தூக்கம் வராது. அப்புறமும் பிடித்திருந்தால் வையுங்கள். பிடிக்காவிட்டால் அம்மாவிடம் நேரில் சொல்லுங்கள், மாமனாரைச் சாக்கு வைக்காதீர்கள். பெயர் எதுவானாலும், குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். கொடைக்கானலில் 2018இல் பூத்தது, அடுத்தது 2030. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.

சித்தியின் அரவிந்தன் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டான். கதைப் புத்தகம் பக்கமே போகாதவன். சித்தியின் முதல் வருஷத் திதியன்று, சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டான், “ஏதோ கதையில வர்ற பேருதான் எனக்கு வெச்சதுன்னு அம்மா சொல்லுவா. அந்த ஆள் கடைசில என்னடா ஆனான்?”

“கல்யாணம் பண்ணிக்கிட்டு நல்லா இருந்தான்” என்றேன்.

அன்புடன்.